மார்செல்லுஸ் பெல்ட்டைக் கழற்றி எறிந்தார். கொர்நேலியு ஏன் கழற்றவில்லை?

ஏற்காட்டு ஹவில்தார் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 1981-இல் பட்டாளத்தில் சேர்ந்து 2005-இல் ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். இப்போது ஏற்காட்டில் ஒன்றரை ஏக்கர் காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, இரண்டு நாய், இவ்வளவுதான் என் ராஜ்யம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். படிப்பு பத்தாவதுதான். "உங்கள் குரலுக்குப் பிள்ளைகள் அடங்கும்" என்று சொல்லிச் சாமியார் என் தலையில் கட்டிவிட்டார். அடங்கத்தான் செய்கிறார்கள், ஆனால் கேள்வி கேட்பதை நிறுத்துவதில்லை.

ஜனவரி 20 செபஸ்தியார் திருவிழா. அதற்கு முந்தின வாரம் சுரூபத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உடம்பில் ஐந்து அம்பு. தகரத்தில் செய்து ஓட்டையில் செருகியவை. எண்ணினால் நாலுதான் இருக்கிறது. எலி இழுத்ததோ, பிள்ளைகள் எடுத்துப்போனார்களோ தெரியாது. காபிக் குச்சி ஒன்றைச் சீவி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, விலாவில் இருந்த ஓட்டையில் வைத்தேன். தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பிளஸ் டூ முடித்துவிட்டு ஆர்மி ஆள்சேர்ப்பு ராலிக்காகத் தினமும் ஏரியைச் சுற்றி ஓடுகிற பையன். டப்பாவைக் கீழே வைக்காமலே கேட்டான்:

"மிலிட்டரி தாத்தா, போன வாரம் மார்செல்லுஸ் பெல்ட்டைக் கழற்றி எறிந்தார், வேதசாட்சி என்று சொன்னீங்க. இந்தச் செபஸ்தியார் பட்டாளத்துக்குள்ளேயே இருந்தார், இவரும் வேதசாட்சி. வேதாகமத்தில் வருகிற நூற்றுவர் தலைவர் கொர்நேலியு ஞானஸ்நானம் வாங்கினார், வேலையை விட்டதாக எங்கேயும் இல்லை. மூணு பேரும் ரோமப் பட்டாளம். யார் செய்ததுதான் சரி? நான் ராலிக்குப் போகட்டுமா, வேண்டாமா?"

எனக்குத் தெரிந்த அளவைச் சொல்லிவிடுகிறேன். மார்செல்லுஸ் வட ஆப்பிரிக்காவில் நூற்றுவர் தலைவர். கி.பி. 298-இல் பேரரசரின் பிறந்தநாள் விருந்தில், கொடிகளுக்கு முன்னால், எல்லாரும் பார்க்க, இடுப்பு வாரைக் கழற்றிப் போட்டார். கையில் வைத்திருந்த தடியையும் போட்டார். தான் கிறிஸ்துவின் படைவீரன், இனி உங்கள் பேரரசர்களுக்குச் சேவை செய்யமாட்டேன் என்றார். அக்டோபர் 30 அன்று தாஞ்சியரில் விசாரணை, அன்றே தலையை வெட்டினார்கள். பட்டாளத்தில் இருந்தவனுக்குத்தான் பெல்ட் என்றால் என்ன என்று புரியும். எங்களிடமும் தப்புச் செய்தவனை சிஓ (யூனிட்டின் தலைமை அதிகாரி) முன்னால் நிறுத்தும்போது தொப்பியையும் பெல்ட்டையும் முதலில் வாங்கிவிடுவார்கள். அந்த அவமானத்தை அந்த மனுஷன் தானே தேடிப் போய் எடுத்துக்கொண்டார்.

ஆனால் எனக்கு நெருக்கமானவர் கப்பர்நாகூம் நூற்றுவர் தலைவர். என் வேலைக்காரனைக் குணமாக்க நீர் வீட்டுக்கு வரவேண்டாம், ஒரு வார்த்தை போதும் என்றவர். "நானும் அதிகாரத்துக்கு உட்பட்டவன், எனக்குக் கீழேயும் வீரர்கள் இருக்கிறார்கள், ஒருவனைப் போ என்றால் போகிறான்" என்று ஆண்டவரிடம் சொன்னவர். இதைச் சாமியார்கள் தாழ்ச்சி என்று பிரசங்கம் செய்வார்கள். சரிதான். ஆனால் எனக்கு அது வயர்லெஸ். சிஓ எங்கள் போஸ்ட்டுக்கு நேரில் ஏறி வரவேண்டியதில்லை. கீழே இருந்து ஒரு வார்த்தை வந்தால் மேலே நாங்கள் நகர்வோம். அந்தப் பட்டாளத்துக்காரர் கடவுளை அப்படித்தான் புரிந்துகொண்டார். "இஸ்ரயேலில் கூட இப்படி நம்பிக்கையைக் கண்டதில்லை" என்று ஆண்டவர் வியந்தார். பெல்ட்டைக் கழற்று என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நற்கருணை வாங்குவதற்கு முன்னால் உலகம் முழுக்க நாம் சொல்கிறோமே, "ஆண்டவரே, நான் தகுதியற்றவன், ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும்" என்று, அது அவர் பேச்சுதான்.

அப்புறம் ஏன் மார்செல்லுஸுக்கு மட்டும் அந்தப் பெல்ட் சுட்டது? பையனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள்.

சூரமங்கலம் டீச்சர் எழுதியது:

ஐயா, வணக்கம். முப்பது வருஷம் வரலாறு எடுத்தேன். உங்கள் பையன் மாதிரி ஒருத்தன் என் வகுப்பில் வாய்க்கவில்லையே என்று இருக்கிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். நூற்றுவர் தலைவர் என்று நாம் சொன்னாலும் அவர் கையில் வழக்கமாக எண்பது பேர்தான். மார்செல்லுஸ் கீழே போட்ட தடி திராட்சைக் கொடித் தடி. அதுதான் அந்தப் பதவியின் அடையாளம், வீரர்களை அடிக்கவும் அதுதான். கி.பி. 14-இல் பன்னோனியாவில் கலகம் நடந்தபோது வீரர்கள் கொன்ற லூசிலியுஸ் என்ற நூற்றுவர் தலைவருக்குப் பட்டப்பெயரே "இன்னொன்று கொண்டா". ஒருவன் முதுகில் தடி முறிந்ததும் அடுத்த தடியைக் கேட்பாராம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரோமப் படையில் இருந்த கிறிஸ்தவனுக்கு இரண்டு சிக்கல், ஒன்று ரத்தம், அதாவது போரில் கொல்வது, இன்னொன்று தூபம், அதாவது ரோமத் தெய்வங்களுக்குப் பூசை. நாம் முதலாவதைத்தான் நினைக்கிறோம். அன்றாடம் கழுத்தைப் பிடித்தது இரண்டாவது. யூப்ரடீஸ் கரையில் துரா யூரோப்போஸ் என்ற ஊரில் 220-களைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் சுருள் கிடைத்தது. படைமுகாமின் பூசைக் காலண்டர் அது. எந்தத் தேதியில் எந்தத் தெய்வத்துக்கு, தெய்வமாக்கப்பட்ட எந்தப் பேரரசருக்கு, காளையா பசுவா என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே ஊரில் 240-களில் இருந்த ஒரு கிறிஸ்தவ வீட்டுக் கோயிலும் ஞானஸ்நானத் தொட்டியோடு தோண்டி எடுக்கப்பட்டது. முகாமும் கோயிலும் நடந்து போகிற தூரம். அங்கே ஞாயிறு ஒரு முகம், முகாம் விழா அன்று ஒரு முகம் என்று இருந்தவர்கள் எத்தனை பேரோ.

உறுதிமொழியும் அப்படித்தான். வீரன் பேரரசர் பேரில் எடுக்கும் சத்தியத்துக்கு லத்தீனில் சாக்ரமெந்தும் என்று பெயர். அதே சொல்லைத் திருச்சபை எடுத்துக்கொண்டது. நம் பாட்டிமார் தேவதிரவிய அனுமானம் என்றும் இப்போது நாம் திருவருட்சாதனம் என்றும் சொல்கிறோமே, அதன் லத்தீன் இதுதான். ஒரே சொல்லுக்கு இரண்டு எஜமான்!

மாக்சிமிலியன் கதையைப் பையனுக்கு அவசியம் சொல்லுங்கள். மார்செல்லுஸுக்கு மூன்று வருஷம் முன்னால், 295 மார்ச் 12, நுமிதியாவின் தெபெஸ்தே ஊர். வயது 21. ஆள்சேர்ப்புக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். உயரம் அளக்கிறார்கள்: ரோமக் கணக்கில் ஐந்தடி பத்து அங்குலம். கழுத்தில் ஈய முத்திரை மாட்ட வருகிறார்கள், மாட்டவிடமாட்டேன் என்கிறான். ஆளுநர் தியோன் அவன் அப்பாவைப் பார்த்து, மகனுக்குப் புத்தி சொல் என்கிறார். அப்பா, அவனுக்கு எது நல்லதென்று அவனுக்கே தெரியும் என்கிறார். அடுத்து தியோன் கேட்டதுதான் உங்கள் பையன் கேட்டதும்: பேரரசர்களின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே, உனக்கு மட்டும் என்ன? மாக்சிமிலியன் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு எது சரி என்று அவர்களுக்குத் தெரியும், நான் கிறிஸ்தவன், என்னால் தீமை செய்ய முடியாது என்றான். கொலைக்களத்தில் அப்பாவிடம், எனக்குப் படையில் சேரத் தைத்து வைத்த புதுத் துணியை இந்த வெட்டுகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்றான். வகுப்பில் இந்த இடத்தைச் சொல்ல எனக்கு ஒருநாளும் குரல் சரியாக வந்ததில்லை.

மாக்சிமிலியனைத் தடுத்தது ரத்தமா, தூபமா, இரண்டுமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மார்செல்லுஸ் விஷயம் தெளிவு. மரத்தாலும் கல்லாலும் ஆன உங்கள் தெய்வங்களை வணங்கமாட்டேன் என்றுதான் அவர் பேச்சு போகிறது.

அப்புறம் காலம் தலைகீழாக மாறிவிட்டது. 313-இல் கிறிஸ்தவர்களுக்கு விடுதலை. அடுத்த வருஷமே ஆர்ல் ஊரில் கூடிய ஆயர்கள் சங்கத்தின் மூன்றாம் விதி, அமைதிக் காலத்தில் ஆயுதத்தைக் கீழே போடுகிறவனுக்கு நற்கருணை கிடையாது என்கிறது. மார்செல்லுஸ் தலை விழுந்து பதினாறு வருஷம்தான் ஆகியிருந்தது! ஆனால் 325-இல் நைசியா சங்கத்தின் 12-ஆம் விதி வேறு. விசுவாசத்துக்காக வாரைக் கழற்றிவிட்டு, பிறகு காசு கொடுத்துப் படைக்குத் திரும்பியவர்களுக்குப் பதின்மூன்று வருஷத் தவம். 374 வாக்கில் கப்பதோக்கியாவின் ஆயர் பசிலியார், போரில் கொல்வது கொலைப்பாதகம் ஆகாது, ஆனாலும் கை சுத்தமில்லை, மூன்று வருஷம் நற்கருணையிலிருந்து விலகியிருப்பது நல்லது என்று எழுதினார். சபைக்கே ஒரே பதில் இருந்ததில்லை, ஐயா. நீங்கள் தடுமாறுவதில் தப்பே இல்லை.

கரூர்க்காசு எழுதியது:

நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை, பழைய காசு சேர்ப்பவன். மூன்று விஷயம் மட்டும்.

ஒன்று, கப்பர்நாகூம் அப்போது ரோமின் நேரடி ஆட்சியில் இல்லை, ஏரோது அந்திப்பாவின் கலிலேயா. அந்த நூற்றுவர் தலைவர் அந்திப்பாவின் படை ஆளாகவும் இருக்கலாம். சந்தேகமில்லாத ரோமர் வேண்டுமென்றால் செசரியாவில் இருந்த கொர்நேலியு. இரண்டு, செபஸ்தியார் ஜனவரி 20-இல் அடக்கம் செய்யப்பட்டவர் என்பது 354-ஆம் ஆண்டுக் காலண்டரிலேயே இருக்கிறது. ஆனால் அவர் படைவாழ்க்கையை விரிவாகச் சொல்லும் கதை 5-ஆம் நூற்றாண்டில் எழுதியது. மார்செல்லுஸ், மாக்சிமிலியன் விசாரணைக் குறிப்புகளோடு அதை ஒரே தட்டில் வைக்காதீர்கள். அதற்காக அம்பைப் பிடுங்கிவிடாதீர்கள் பாஸ், சுரூபம் நன்றாகவே இருக்கட்டும்.

மூன்றாவது என் ஏரியா. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைக்கிற ரோமக் காசுகளில் திபேரியுஸின் வெள்ளி தெனாரியுஸ் நிறைய. கொர்நேலியு காலத்து வீரன் கையிலும் புழங்கிய காசு. அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? திபேரியுஸ் சீசர், தெய்வ அகுஸ்துவின் மகன். சம்பளத்தை எண்ணி வாங்கும்போதே வேறொரு "தெய்வ மகன்" உள்ளங்கையில் வந்து உட்காருகிறான். பெல்ட்டைக் கழற்றலாம், காசை எங்கே எறிவது?

இன்னொன்று விட்டுப்போச்சு. 2005-இல் இஸ்ரேலில் மெகிதோ சிறைச்சாலை வளாகத்தில் தோண்டும்போது 3-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ வழிபாட்டுக் கூடத்தின் மொசைக் தரை கிடைத்தது. தோண்டியதில் கைதிகளும் உண்டு. அதில் கிரேக்கத்தில், "நம் சகோதரர், நூற்றுவர் தலைவர் கயானுஸ்" தன் சொந்தச் செலவில் தரை போட்டுக்கொடுத்ததாக எழுதியிருக்கிறது. பக்கத்திலேயே ரோமப் படைமுகாம். ஆக, வெட்டுப்படாமல், பெல்ட்டோடு, நன்கொடை எழுதிக் கல்வெட்டுப் போட்ட நூற்றுவர் தலைவரும் இருந்திருக்கிறார். நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுகிற மாதிரிதான்.

நாலு ரோடு நர்ஸ் எழுதியது:

ஹவில்தார் அண்ணா, நான் சி.எஸ்.ஐ., வீட்டுக்காரர் ஆர்.சி. அதனால் எங்கள் வீட்டில் வேதாகமமும் இரண்டு. எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் கொர்நேலியு இருந்தது "இத்தாலியா பட்டாளம்". நீங்கள் பட்டாளம் என்று எழுதியதும் அதுதான் ஞாபகம் வந்தது. யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர் வந்து நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். வேலையை விடு என்றா சொன்னார்? ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதே, பொய்க்குற்றம் சாட்டாதே, உன் சம்பளம் போதுமென்று இரு. அவ்வளவுதான். இந்த மூன்றும் எங்கள் ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும்.

செபஸ்தியார் அம்பில் சாகவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். செத்துவிட்டார் என்று விட்டுப்போனவரை ஐரீன் என்ற விதவை வீட்டுக்குத் தூக்கிப்போய்க் காயம் ஆறும்வரை பார்த்துக்கொண்டாள் என்றுதான் கதை. பிறகு அவரே பேரரசர் முன்னால் போய் நின்றார், தடியால் அடித்துக் கொன்றார்கள். எல்லாரும் அம்பைப் பார்க்கிறார்கள், அத்தனை அம்பையும் பிடுங்கிக் கட்டுப்போட்டவளுக்குச் சுரூபம் இல்லை.

ஏரியைச் சுற்றி ஓடுகிற பையனுக்குச் செபாஸ்தே ஊரின் நாற்பது பேரையும் சொல்லலாம். 320, உறைந்த ஏரியில் ராத்திரி முழுக்க நிறுத்தினார்கள். ஒருவர் தாங்காமல் கரையேறிவிட, காவலுக்கு நின்ற வீரன் ஒருவன் தன் துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த இடத்துக்குப் போனான் என்பார்கள். ஜனவரி ஐந்து மணிக் குளிரில் ஓடும்போது அவனுக்கு உறைக்கும்.

ஏற்காட்டு ஹவில்தார் எழுதியது:

டீச்சரம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. பழம் எடுக்கும் நேரம், மூன்று நாள் இந்தப் பக்கம் வரமுடியவில்லை.

தூபம் என்று டீச்சரம்மா சொன்னதும் எனக்கு ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. யூனிட்டில் வருஷாவருஷம் உண்டு. துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கி, பண்டிட்ஜி குங்குமம் வைத்து மந்திரம் சொல்லுவார். நான் நாயக் ஆக இருந்தபோது என் எல்எம்ஜியை (இலகு இயந்திரத் துப்பாக்கி) முந்தின நாளே பிரித்து, எண்ணெய் போட்டு, குழலைத் துடைக்கிற புல்த்ரூ கயிற்றை இழுத்து, பளபளவென்று வைத்துவிடுவேன். பூஜை நேரத்தில் வரிசையில் நிற்பேன், கை கூப்பமாட்டேன். ஒரு வருஷம் சுபேதார் சாப் பக்கத்தில் வந்து "நீ கும்பிட மாட்டாயா?" என்றார். "சாப், நேற்று ரெண்டு மணி நேரம் துடைத்தேனே, அதுதான்" என்றேன். சிரித்துவிட்டு என் பங்குக்கு இரண்டு லட்டு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். மார்செல்லுஸுக்கு அப்படி ஒரு சுபேதார் வாய்க்கவில்லை.

அப்புறம் கசம் பரேட். எங்கள் சத்தியம். அவரவர் வேதத்தைத் தொட்டுத்தான் எடுப்போம். கீதை, குர்ஆன், கிரந்தம், பைபிள் எல்லாம் இருக்கும். எனக்கு முன்னால் ஒரு சின்னக் கறுப்பு அட்டை பைபிளைப் பிடித்தார்கள். தொட்டேன். பத்தொன்பது வயதில் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நேற்று பங்குச் சாமியாரிடம் இதைச் சொன்னபோது அவர் மரினுஸ் கதையைச் சொன்னார். 260 வாக்கில், கொர்நேலியு இருந்த அதே செசரியாவில். நூற்றுவர் தலைவர் பதவி காலி, அடுத்த முறை மரினுஸுக்கு. தடி கைக்கு வரப்போகிற நேரத்தில் போட்டியாளன், இவன் கிறிஸ்தவன், பலி கொடுக்கமாட்டான், பதவிக்கு ஆகமாட்டான் என்று போட்டுக்கொடுத்துவிட்டான். (புரமோஷன் லிஸ்ட் எந்தக் காலத்திலும் இப்படித்தான்.) யோசிக்க மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். ஆயர் தெயோதெக்னுஸ் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் பீடத்துக்குப் பக்கத்தில் கூட்டிப்போய், மேலங்கியை விலக்கி இடுப்பில் இருந்த வாளைக் காட்டினார். நற்செய்திப் புத்தகத்தை எதிரே வைத்தார். எது வேண்டும், எடு என்றார். மரினுஸ் வலது கையைப் புத்தகத்தின் மேல் வைத்தார். திரும்பிப் போனார், வெட்டினார்கள்.

எனக்கு இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். இடுப்பில் பெல்ட், கைக்குக் கீழே பைபிள். அவருக்கு ஒன்றுதான். பையனிடம் இதைத்தான் சொன்னேன்: கொர்நேலியுவிடம் யாரும் கேட்கவே இல்லை. மார்செல்லுஸிடமும் மரினுஸிடமும் கேட்டார்கள். கேட்கிற நாள் வந்தால் என்ன சொல்வாய் என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள், ராலிக்குப் போ.

ரத்தத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கே முகம் தெரியாததால் சொல்கிறேன். வடக்கே எல்லையில் ஒரு ராத்திரி சுட்டேன். பட்டதா என்று விடிந்த பிறகுதான் தெரிந்தது. லீவில் வந்து பாவசங்கீர்த்தனம் செய்தேன். வயசான சாமியார் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லச் சொன்னார். அவ்வளவுதானா என்று இருந்தது. பசிலியார் மூன்று வருஷம் என்றார் என்று டீச்சரம்மா எழுதியதைப் படித்தபோது, அதைக் கொடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும் என்று தோன்றியது. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை.

சரி, வகுப்புக்கு வருவோம். ரோம அடி நம் அடியைவிடச் சின்னது, சுமார் 29.6 சென்டிமீட்டர் என்று பேரன் பார்த்துச் சொன்னான். கணக்குப் போட்டால் மாக்சிமிலியன் 172, 173 சென்டிமீட்டர் வருகிறான். கோயில் பின்கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டேன். ஒவ்வொரு பிள்ளையாக வந்து முதுகை ஒட்டி நின்று பார்த்தார்கள். ராலிப் பையன் 168. "என்னைவிட உயரம் தாத்தா" என்றான். கோட்டை ஒருதரம் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

கரூர்க்காசு எழுதியது:

ஹவில்தார், கேட்கவேண்டும் என்று நினைத்தேன். அந்தத் தொலைந்துபோன அம்பு என்ன நீளம்? செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற நண்பன் ஒருவன் இருக்கிறான். சொன்னால் வெள்ளியிலேயே ஒன்று அடித்துத் தருவான். காசு வேண்டாம்.

ஏற்காட்டு ஹவில்தார் எழுதியது:

ஏழு அங்குலம் தம்பி. ஆனால் வெள்ளி வேண்டாம், மற்ற நாலும் தகரம். ஒன்று மட்டும் மின்னினால் அடுத்த வருஷம் அதுவும் காணாமல் போகும். காபிக் குச்சியே இருக்கட்டும்.